முப்பது பேர் தந்த விதி

அவசர சிகிச்சைத் துறைத் தேர்வுகளில் ஒரு கேள்வி ஏதாவது ஒரு வடிவில் திரும்பத் திரும்ப வரும். இருபத்தெட்டு வயது இளைஞர், கொகைன் எடுத்து ஒரு மணி நேரம் ஆகிறது, நெஞ்சு வலிக்கிறது, நாடித்துடிப்பு 130, ரத்த அழுத்தம் 180. எந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது? விடை பீட்டா பிளாக்கர். நானும் அப்படித்தான் படித்தேன், பல ஆண்டுகள் அப்படியே சொல்லியும் கொடுத்தேன். ஒரு நாள் வகுப்பு முடிந்து கிளம்பும்போது ஒரு மாணவி கேட்டார்: “சார், இதை எத்தனை பேரை வச்சு சொன்னாங்க?” எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலேயே இத்தனை காலம் கற்பித்திருக்கிறேன் என்பது உறுத்தியது. அந்த உறுத்தலில் மூலக் கட்டுரைகளைத் தேடிப் படித்ததன் விளைவே இந்த மதிப்பீடு.

முதலில் கொகைன் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். நரம்பு முனைகள் நார்அட்ரினலினை வெளியே விட்டுவிட்டு, வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கொகைன் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. நார்அட்ரினலின் வெளியிலேயே தேங்கி நின்று இதயத்தையும் ரத்தக்குழாய்களையும் விடாமல் முடுக்குகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, இதயத் தசைக்குக் கூடுதல் பிராணவாயு தேவைப்படுகிறது. அதே நேரத்தில் அந்தத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியே சுருங்குகிறது. போதாக்குறைக்கு ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளத் தொடங்குகின்றன, உறைவு எளிதாகிறது. தேவை ஏறும்போது வரத்து குறைந்தால் நெஞ்சு வலிக்காமல் என்ன செய்யும்? கூடவே மது குடித்திருந்தால் கல்லீரல் இரண்டையும் சேர்த்துக் கோகாஎத்திலீன் என்ற மூன்றாவது பொருளை உண்டாக்குகிறது. அது கொகைனைவிட நீண்ட நேரம் உடலில் நிற்கும்.

ஆபத்து எவ்வளவு? மாரடைப்பு வந்து பிழைத்த 3,946 பேரிடம் பேசி மிட்டில்மன் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொகைன் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ 24 மடங்காகிறது. அதே சமயம், கொகைனுக்குப் பின் நெஞ்சுவலி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு மாரடைப்பு இல்லை. ஹாலண்டர் குழு 1994இல் 246 பேரைப் பின்தொடர்ந்ததில் 14 பேருக்குத்தான், அதாவது நூற்றில் ஆறு பேருக்கு மட்டுமே மாரடைப்பு உறுதியானது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் வருகிற எல்லாரையும் கேத் லேபுக்குத் தள்ளுவோம். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் “சின்னப் பையன், ஒண்ணும் இருக்காது” என்று வீட்டுக்கு அனுப்பி, அந்த ஆறு பேரில் ஒருவரை இழப்போம்.

இனி விதியின் ஊற்றுக்கண்ணுக்கு வருவோம். அது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரத்து இதய ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. 1980களின் அமெரிக்கா கொகைனில் மூழ்கிய காலம். 1986 ஜூன் 17 அன்று பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணி தேர்ந்தெடுத்த லென் பயஸ் என்ற 22 வயது வீரர் இரண்டே நாளில் கொகைனால் இறந்தார். நாடே அதிர்ந்தது. இளைஞர்களின் இதயம் எப்படி இவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்பதற்கு விடை தேடியவர்களில் டாலஸைச் சேர்ந்த ரிச்சர்ட் லாங்கேயும் அவருடைய சகாக்களும் முக்கியமானவர்கள்.

அவர்கள் செய்த சோதனையைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். வேறு காரணத்துக்காக ஆஞ்சியோ செய்துகொள்ள வந்த 45 பேர். உடலில் குழாய்கள் ஏற்கனவே ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒன்று, இதயத் தசையை நனைத்துவிட்டுத் திரும்பும் ரத்தம் சேருகிற பெரிய சிரையில் நிற்கிறது. அங்கே நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் ஓடுகிறது என்று அளக்கிறார்கள். பிறகு மூக்கில் சிலருக்கு உப்புநீர், சிலருக்குக் கொகைன் கரைசல். அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம். மூக்கு மரத்துப்போக மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுதான் அது. பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்கிறார்கள். கொகைன் போனவர்களுக்கு இதயம் வேகமாகத் துடிக்கிறது, அழுத்தம் ஏறியிருக்கிறது, ஆனால் 139 மில்லியாக இருந்த சராசரி ஓட்டம் 120 ஆகக் குறைந்திருக்கிறது. இடது இதயத் தமனியின் விட்டம் 8 முதல் 12 சதவீதம் சுருங்கியிருக்கிறது. ஆல்ஃபா ஏற்பிகளை அடைக்கும் ஃபென்டோலமைனைக் கொடுத்ததும் தமனி பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆக, சுருக்குவது ஆல்ஃபா என்பது நிரூபணமாயிற்று. 1989 டிசம்பரில் இது வெளிவந்தது.

அடுத்த ஆண்டு அதே குழு 30 பேரிடம் அடுத்த படியைச் சோதித்தது. கொகைன் கொடுத்த பிறகு, பீட்டா பிளாக்கரான ப்ரொப்ரனோலாலை நேராக இதயத் தமனிக்குள்ளேயே செலுத்தினார்கள். ஏற்கனவே குறைந்திருந்த ரத்த ஓட்டம் இன்னும் குறைந்தது, தமனியின் எதிர்ப்பு இன்னும் கூடியது. இதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் எளிமையானது. ரத்தக்குழாயில் ஆல்ஃபா இறுக்குகிறது, பீட்டா கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கிறது. தளர்த்தும் கையைக் கட்டிப்போட்டால் இறுக்கும் கைக்குத் தடையே இல்லை. மருத்துவ உலகில் ‘எதிர்ப்பற்ற ஆல்ஃபா’ என்று இன்றும் பேசப்படுவது இதுதான். என் மாணவியின் கேள்விக்கு விடையும் இதுதான். அந்த விதிக்கு மனிதரிடம் கிடைத்த நேரடியான அடித்தளம் முப்பது பேர்.

இந்தச் சோதனையை நான் மதிக்கிறேன். அளவீடு துல்லியமானது, கேள்வி தெளிவானது, விடை உயிரியலோடு பொருந்துகிறது. ஆனால் அது எதைச் சொல்லவில்லை என்பதையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். முதல் ஆய்வில் கொகைன் எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட நெஞ்சுவலி வரவில்லை, ஈசிஜியில் ரத்தக்குறை அடையாளமும் தெரியவில்லை. அவர்கள் அமைதியாகப் படுத்திருந்தவர்கள். வியர்த்துக்கொட்டி, பதறி, பல்லைக் கடித்துக்கொண்டு நம் முன்னால் வரும் இளைஞரின் உடல் வேறு. மூக்கு மரக்கும் அளவும் விருந்துக் கூடத்தில் ராத்திரி முழுக்க ஏறிய அளவும் ஒன்றல்ல. மருந்தைத் தமனிக்குள் நேராகச் செலுத்துவதும் கையில் ஊசியாகப் போடுவதும் ஒன்றல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்த ஓட்டம் குறைந்தது என்பது ஓர் அளவீடு. அதனால் யாரும் செத்தார்களா, யாருக்கும் இதயத் தசை அழிந்ததா என்ற கேள்விக்கு அந்த ஆய்வு பதில் தேடவே இல்லை.

அந்த இடைவெளியைத் தனி நோயாளிகளின் கதைகள் நிரப்பின. கொகைன் நச்சுக்கு ப்ரொப்ரனோலால் கொடுத்ததும் ரத்த அழுத்தம் எகிறிய ஒருவரைப் பற்றி 1985இலேயே குறிப்பு வந்திருந்தது. 2007இல், கொகைனுக்குப் பின் மாரடைப்போடு வந்தவர் மெட்டோப்ரோலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கரை ஊசியாகப் போட்ட சிறிது நேரத்தில் இறந்ததைப் பற்றி ஒரு கட்டுரை வெளியானது. இத்தகைய கதைகள் எச்சரிக்கை மணிகள். அவற்றைத் தள்ளிவிடக் கூடாது, ஆனால் அவற்றை வைத்து விகிதம் கணக்கிடவும் முடியாது. மெட்டோப்ரோலால் போட்டு நன்றாக வீடு திரும்பியவரைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லையே.

எதிர்த் தரப்பு 2008இல் வலுவாகப் பேசத் தொடங்கியது. டாட்டிலோ குழு ஒரு மருத்துவமனையின் பழைய கோப்புகளைப் புரட்டி, சிறுநீரில் கொகைன் தெரிந்தவர்களின் 363 அனுமதிகளை ஆராய்ந்தது. அவற்றுள் 60இல் பீட்டா பிளாக்கர் தரப்பட்டிருந்தது. மருந்து கிடைத்தவர்களில் மாரடைப்பு 6.1 சதவீதம், கிடைக்காதவர்களில் 26 சதவீதம். கூடாது என்ற மருந்து காப்பாற்றியது போலத் தெரிந்தது! 2010இல் ரேஞ்சல் குழு சான் பிரான்சிஸ்கோவில் நெஞ்சுவலியோடு வந்து சிறுநீரில் கொகைன் தெரிந்த 331 பேரைப் பார்த்தது. அவர்களில் 151 பேருக்கு அவசரப் பிரிவிலேயே பீட்டா பிளாக்கர் கொடுத்திருந்தார்கள். தீங்கு எதுவும் தெரியவில்லை, அழுத்தம் நன்றாகவே இறங்கியிருந்தது. வீட்டுக்குப் போகும்போதும் அந்த மருந்தோடு போனவர்களில் பிற்காலத்து இதய மரணங்கள் குறைவாக இருந்தன. அதன் பிறகு வந்த தொகுப்பாய்வுகளும் பீட்டா பிளாக்கரால் மாரடைப்போ மரணமோ கூடியதாகக் காட்டவில்லை.

அப்படியானால் விதி செத்துவிட்டதா? இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். முழு வழக்கும் ஒரு சிறுநீர்க் கிண்ணத்தில் வந்து நிற்கிறது. ஆய்வுக்கூடம் சிறுநீரில் தேடுவது கொகைனை அல்ல, அது உடைந்து உண்டாகும் பென்சாயில்எக்கோனைனை. கொகைன் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும். அதன் மிச்சமோ இரண்டு மூன்று நாள் வரை, தொடர்ந்து பயன்படுத்துபவருக்கு இன்னும் கூடுதலாக, சிறுநீரில் வந்துகொண்டே இருக்கும். சனிக்கிழமை ராத்திரி எடுத்தவர் செவ்வாய்க்கிழமை காலை வந்தாலும் முடிவு ‘பாசிட்டிவ்’தான். அந்தச் செவ்வாய்க்கிழமை மனிதரின் நரம்பு முனைகளில் தேங்கிய நார்அட்ரினலின் எதுவும் இல்லை. அவருக்கு மெட்டோப்ரோலால் தீங்கு செய்யவில்லை என்றால் அதில் வியப்பும் இல்லை. கொகைன் உள்ளே போய் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்ற ஒரே ஒரு விவரம்தான் இந்த விவாதத்தைத் தீர்க்கும். சிறுநீர் முடிவை நம்பிய கோப்புகளிலிருந்து அது கிடைக்காது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. கோப்புகளைப் பின்னோக்கிப் படிக்கும் ஆய்வில், யாருக்கு மருந்து கொடுப்பது என்பதை மருத்துவரின் கண் தீர்மானித்திருக்கிறது. கொதிநிலையில் இருப்பவரைப் பார்த்ததும் விதியை நினைத்துக் கை பின்வாங்கும். அமைதியாக இருப்பவருக்குக் கை நீளும். அப்போது மருந்து கிடைத்தவர் நன்றாக இருந்தார் என்பதற்கு மருந்து காரணமா, அவர் முன்பே நன்றாக இருந்தது காரணமா? புள்ளிவிவரச் சரிக்கட்டல் ஓரளவுக்கு மட்டுமே இதை நேராக்கும். கடும் போதையில் இருப்பவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்குப் பீட்டா பிளாக்கரும் மறு பாதிக்கு மாற்று மருந்தும் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை ஒன்று இருந்தால் இத்தனை பக்கங்கள் தேவைப்பட்டிருக்காது.

இடையில் லேபிட்டலாலைச் சமரச வேட்பாளராகச் சிலர் நிறுத்துகிறார்கள். பீட்டாவோடு கொஞ்சம் ஆல்ஃபாவையும் அடைக்கும் மருந்து, ஆகவே பாதுகாப்பானது என்பது வாதம். டாலஸ் குழுவே 1993இல் இதையும் சோதித்தது. அழுத்தம் இறங்கியது, தமனியின் சுருக்கம் விடவில்லை. மேலும் சுருங்கவில்லை என்பது ஆறுதல்தான், ஆனால் வலியின் வேர் அங்கேயே இருக்கிறது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இரு தரப்புச் சான்றுகளும் மெலிந்தவை. இப்படி இரு பக்கமும் மெலிந்திருக்கும்போது, ‘இந்த மருந்து தீங்கா’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது தவறான தராசு. ‘இந்த மணி நேரத்தில் இந்த மருந்து எனக்கு எதைத் தருகிறது, அதை வேறொன்று தருமா’ என்று கேட்க வேண்டும். பீட்டா பிளாக்கர் தரக்கூடியது துடிப்பைக் குறைப்பது. அதை டயஸிபாமும் லோரஸிபாமும் செய்கின்றன. அவை புயலின் தொடக்கமான மூளையிலேயே முடுக்கத்தைத் தணிக்கின்றன. பதற்றம் அடங்குகிறது, வியர்வை நிற்கிறது, துடிப்பும் அழுத்தமும் தாமாக இறங்குகின்றன. பாமன் குழு 2000இல் 40 பேரிடம் டயஸிபாம், நைட்ரோகிளிசரின், இரண்டும் சேர்த்து என மூன்று வழிகளை ஒப்பிட்டது. மூன்றிலும் வலி ஒரே மாதிரி தணிந்தது. 2003இல் வந்த இன்னொரு சிறிய ஆய்வு லோரஸிபாமையும் நைட்ரோகிளிசரினையும் சேர்த்துக் கொடுப்பது நைட்ரோகிளிசரின் மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்றது. இவையும் சிறிய ஆய்வுகளே, மறைக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கம் ஆபத்தின் நிழல் குறைவு, பலன் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் தமனியின் சுருக்கத்தை அவிழ்ப்பதையும் டாலஸில் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே, போதை உடலில் தெரியும் நேரத்தில், அதாவது கண்மணி விரிந்து, வியர்த்து, துடிப்பும் அழுத்தமும் ஏறியிருக்கும்போது, பீட்டா பிளாக்கர் வேண்டாம் என்ற விதி நிற்கட்டும். அமெரிக்க இதயச் சங்கம் 2008இல் வெளியிட்ட அறிக்கையும் 2014இல் வந்த வழிகாட்டலும் இதே பக்கம்தான் நின்றன. ஆனால் விதி அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. சிறுநீர் ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே காரணத்துக்காக, போதை தெளிந்த மாரடைப்பு நோயாளிக்கும் இதயத் தசை தளர்ந்த நோயாளிக்கும் அவர்களுக்குத் தேவையான பீட்டா பிளாக்கரை மறுப்பதை நான் சிகிச்சைப் பிழை என்றே சொல்வேன். விதி பிறந்தது ஒரு சில மணி நேரத்துக்காக. அதை ஆள்மீது வாழ்நாள் முத்திரையாகக் குத்திவிட்டோம்.

நடைமுறையில் இன்னும் சில சங்கதிகள் உண்டு. இளைஞர்களின் ஈசிஜி ஏமாற்றும். 1991இல் வந்த ஓர் ஆய்வில், கொகைனுக்குப் பின் நெஞ்சுவலியோடு வந்து மாரடைப்பு இல்லை என்று உறுதியானவர்களிலேயே 43 சதவீதத்தினரின் ஈசிஜி, உறைவு கரைக்கும் மருந்து கொடுக்கும் அளவுக்கு மாரடைப்பைப் போலத் தெரிந்தது. ஆகவே சந்தேகம் வந்தால் அவசரப்பட்டுக் கரைப்பு ஊசி போடுவதைவிட ஆஞ்சியோ பார்த்து முடிவெடுப்பது பாதுகாப்பு. ஆனால் அடைப்பு உண்மையாக இருந்தால் ஸ்டென்ட் வைக்க ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பெருந்தமனி கிழிந்திருக்கிறதா என்று யோசிக்காமல் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. நைட்ரோகிளிசரின் வைப்பதற்கு முன் சில்டனாஃபில் எடுத்தாரா என்று கட்டாயம் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். மெத்தாம்பேட்டமைனுக்கும் இதே சிகிச்சையைத்தான் செய்கிறோம், ஆனால் அங்கே நேரடிச் சான்று இன்னும் குறைவு. மெத் உடலில் பாதியாகக் குறையப் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஆகும் என்பதால் ‘போதை தெளிந்துவிட்டது’ என்று அவசரப்பட்டு முடிவு கட்ட முடியாது.

இவ்வளவும் அமெரிக்கக் கதை. ஆனால் கொகைனும் மெத்தும் நம் ஊருக்கு வந்து நாளாயிற்று. இங்கே சிகிச்சையின் முதல் முடிச்சு மருந்தில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. நெஞ்சுவலி என்று ஓர் இளைஞர் வந்தால் ‘கேஸ்’ என்று முடிவுகட்டி அசிடிட்டி ஊசி போடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பக்கத்தில் அப்பா அம்மா நிற்கும்போது “ஏதாவது எடுத்தியா தம்பி?” என்று கேட்டால் எந்தப் பிள்ளை ஆமாம் என்று சொல்லும்? அவர்களை வெளியே நிறுத்தி, திரையை இழுத்துவிட்டு, “நீ சொல்றது உன் மருந்தை மாத்தும், வேற எதையும் இல்ல” என்று சொல்லிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் சொல்லியிருக்கிறார்கள். என்ன எடுத்தாய் என்பதோடு எத்தனை மணிக்கு என்பதையும் கேட்க வேண்டும். சிறுநீர் முடிவை நம்பிய ஆய்வுகள் தவறவிட்ட விவரம் அது.

சொல்லாமல் போவதற்குப் பயம் இன்னொரு காரணம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 27ஆவது பிரிவு கொகைன் உட்கொள்வதையே குற்றமாக்கி ஓராண்டு வரை சிறை என்கிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்கிறது. முதல் பிரிவு எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டாவதை அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டியிருந்ததாக நான் எங்கும் பார்த்ததில்லை. வீட்டிலேயே சமாளிக்கப் பார்ப்பதில் இன்னோர் ஆபத்து உண்டு. நெஞ்சு படபடப்புக்கு வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த ப்ரொப்ரனோலால் மாத்திரை அலமாரியில் கிடக்கும். படபடக்கிறது என்று அதை எடுத்துப் போட்டுக்கொள்வது, டாலஸில் முப்பது பேரிடம் அளந்த அந்த வினையைத் தன் உடம்பில் யார் மேற்பார்வையும் இல்லாமல் செய்து பார்ப்பதற்குச் சமம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது 108ஐ அழைப்பது.

பீட்டா பிளாக்கர் பற்றி முப்பது ஆண்டுகளாக நடந்த சண்டையில் அதிகம் பேசப்படாத ஆய்வு ஒன்று இருக்கிறது. வெபர் குழு 2003இல் வெளியிட்டது. கொகைனுக்குப் பின் நெஞ்சுவலி என்று வந்த 344 பேரில், ஆபத்து தெரிந்த 42 பேரை உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டு, மிச்சம் 302 பேரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் படுக்கவைத்துக் கவனித்தார்கள். ஈசிஜி, ட்ரோபோனின் எல்லாம் சரியாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பினார்கள். முப்பது நாளில் அவர்களில் யாரும் இதய நோயால் இறக்கவில்லை. விவரம் முழுமையாகக் கிடைத்த 256 பேரில் நான்கு பேருக்கு மாரடைப்பு வந்தது, உயிர் தப்பினார்கள். அந்த நான்கு பேரும் வீட்டுக்குப் போன பிறகும் கொகைனைத் தொடர்ந்தவர்கள்.

என் மாணவி இப்போது வேறோர் ஊரில் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறார். போன வாரம் தொலைபேசியில் பேசினார். அவர் பிரிவின் டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துப் பட்டியலுக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்களாம்: மனநலப் பிரிவில் எந்தத் தேதி, எத்தனை மணி, யாரைப் பார்க்க வேண்டும் என்று. நோயாளி கிளம்புவதற்கு முன் அந்த வரியைக் கையால் நிரப்பிவிட்டுத்தான் சீட்டில் கையெழுத்துப் போடுவாராம்.